சொர்க்கத்துக்கு ஒரு பெயின்டர்

ரஃபேல் தேவதூதரின் முகத்துக்குச் சிவப்புப் பூச வேண்டும், பெயின்டரைச் சொர்க்கத்துக்குப் போகும்படி முன்கூட்டியே சொல்லி வைக்கவும். ஐநூறு வருஷத்துக்கு முன்னால் ஒருவர் தமக்குத் தாமே எழுதிவைத்துக்கொண்ட குறிப்பு இது. இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் மோன்ஸ் நகரத்தில், 1501 ஜூலையில், ஏசுவின் பாடுகளை எட்டு நாள் நாடகமாகப் போட்டார்கள். அதை நடத்தியவர் கையில் வைத்திருந்த நோட்டில் இது இருக்கிறது. சொர்க்கம் என்றால் மேடையின் ஒரு பக்கத்தில் உயர்த்திக் கட்டிய பரண். பெயின்டர் டப்பாவும் கையுமாக மேலே ஏற வேண்டும், அவ்வளவுதான்.

நான் முப்பது வருஷம் கல்லூரியில் பிரெஞ்சு இலக்கியம் நடத்தியவள். இடைக்காலம் என்று ஆரம்பித்தால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். பொய் சொல்வானேன், நானும் வாயை மூடிக்கொண்டு விட்டிருக்கிறேன். அந்தப் பெயின்டர் குறிப்பைப் படித்த பிறகுதான் அந்த நூற்றாண்டுகளில் ஆட்கள் இருந்தார்கள் என்பதே எனக்கு உறைத்தது.

அந்த நோட்டில் இன்னொரு விசேஷம். ஒவ்வொரு பாத்திரமும் பேசும் பேச்சில் முதல் வரியும் கடைசி வரியும்தான் எழுதியிருக்கும். நடுவில் இருப்பது நடிகன் பாடு. யார் எப்போது ஆரம்பிக்க வேண்டும், எப்போது முடிக்க வேண்டும் என்பதுதான் நடத்துகிறவர் கவலை. எங்கள் விழுப்புரம் பக்கத்துக் கூத்து வாத்தியாருக்கு நோட்டே வேண்டாம், எல்லாம் தலைக்குள் இருக்கும். மோன்ஸ்காரருக்கு எட்டு நாள் நாடகம், நோட்டு இல்லாமல் முடியாது. நோவா காலத்துப் பெருவெள்ளம் வரும் காட்சிக்குப் பக்கத்து வீட்டுக் கூரைகள் மேல் ஒயின் பீப்பாய்களில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார்களாம். திறந்துவிட்டால் ஐந்து நிமிஷம் நிற்காமல் மழை.

இந்த நோட்டைக் கண்டெடுத்துச் செலவுக் கணக்கோடு சேர்த்து 1925-ல் அச்சுக்குக் கொண்டுவந்தவர் குஸ்தாவ் கோயென். 1879-ல் பிரஸ்ஸல்ஸ் பக்கம் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1906-லேயே இடைக்கால மத நாடகங்கள் மேடையேறிய விதத்தைப் பற்றித் தடிமனான புத்தகம் போட்டவர். முதல் உலகப் போரில் பிரான்சுக்காகச் சண்டைக்குப் போய்ப் பலத்த காயத்தோடு திரும்பினார். ஆம்ஸ்டர்டாம், ஸ்ட்ராஸ்பூர் என்று பாடம் சொல்லிவிட்டு, 1925-ல் பாரிஸ் சோர்போனுக்கு வந்து சேர்ந்தார். நரகத்தின் வாய் எப்படித் திறந்து மூடும், தச்சனுக்கு என்ன கூலி, பரண் எந்தப் பக்கம் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் அப்படி ஒரு நாடகம் மேடையில் நடந்து அவர் பார்த்ததில்லை. சமையல் புத்தகம் எழுதிப் பேர் வாங்கிவிட்டுச் சாப்பிடாமல் இருப்பதைப் போன்ற நிலைமை. அவருக்கு இலை போட்டவர்கள் அவருடைய மாணவர்கள்.

லத்தீன் சிதைந்து பிரெஞ்சாகவும் இத்தாலியனாகவும் ஸ்பானிஷாகவும் பிரிந்த கதையைப் படிக்கிற துறைகளில் அன்றைய பாடமுறை ஒன்றுதான்: பழைய பிரதியை எடு, ஒரு சொல்லை எடு, அதன் லத்தீன் வேரைச் சொல், ஒலி எப்படித் தேய்ந்தது என்று காட்டு, அடுத்த சொல்லுக்குப் போ. பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு இன்றைய பாரிஸ்காரனுக்கு உரை இல்லாமல் புரியாது. நமக்குப் பரிபாடல் மாதிரி. பேராசிரியர் பேசுவார், மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் படித்தேன், அப்படித்தான் நடத்தினேன். அந்த முறையை நான் குறை சொல்லமாட்டேன். ஒரு சொல்லை மூன்று நாள் கையில் வைத்திருப்பதில் ஒரு சுகம் உண்டு. ஆனால் அந்தச் சொல் நாடகத்தில் வந்த சொல் என்பதே மூன்றாம் நாள் மறந்துபோகும்.

கோயென் வகுப்பில் பாடமாக இருந்தது ரூத்பெஃப் என்ற பாரிஸ் கவிஞர் 1260-ஐ ஒட்டி எழுதிய ‘தியோஃபிலின் அற்புதம்’. 663 வரிதான். இன்றைய துருக்கியின் தெற்கே அதானா என்ற ஊரில், தேவாலய நிர்வாகம் பார்த்த பாதிரியார் தியோஃபில். புது ஆயர் அவரைப் பதவியிலிருந்து தூக்கிவிடுகிறார். கோபமும் பசியுமாக மந்திரவாதி சலாத்தேனிடம் போகிறார். அவன் சாத்தானை வரவழைக்கிறான். சாத்தான் கெட்டிக்காரன், வாய்ப்பேச்சை நம்பமாட்டான், எழுதிக் கொடு என்கிறான். தியோஃபில் ஆன்மாவை எழுதிக் கொடுக்கிறார், பதவி திரும்புகிறது. ஏழு வருஷம் கழித்துத்தான் மனசு உறுத்துகிறது. மாதா கோவிலில் விழுந்து அழுகிறார். மாதா சாத்தானிடம் போய்ப் பத்திரத்தைக் கேட்கிறாள். அவன் தர மறுத்ததும், வயிற்றிலேயே மிதித்துவிடுவேன் என்கிறாள். இங்கே ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். நீலப் போர்வையும் தாழ்ந்த பார்வையுமாக நாம் பார்த்துப் பழகிய மாதாவா பேசுகிறாள்? சாமி வந்த மாரியம்மன் பேசுகிறாள்.

இந்தக் கதை கல்லிலும் இருக்கிறது. 1988-ல் ஆசிரியர் பயிற்சிக்குப் பாரிஸ் போனபோது நோத்ர்தாம் பேராலயத்தின் வடக்கு வாசலில் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்திருக்கிறேன். மற்றவர்கள் முன்வாசலில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். வடக்கு வாசல் வளைவுக்குள் கீழ்வரிசையில் குழந்தை ஏசு, அதற்கு மேலே தியோஃபில். சாத்தான் முன் மண்டியிட்டுக் கையைக் கொடுக்கிறார், மேல்வரிசையில் ஆயர் பத்திரத்தை எல்லாருக்கும் காட்டுகிறார். ரூத்பெஃப் காலத்துக் கல்தான் அது. சோர்போனிலிருந்து ஆற்றைத் தாண்டினால் நடந்தே வந்துவிடலாம். கோயென் மாணவர்கள் எத்தனை பேர் இந்த வாசலைப் பார்க்காமல் கடந்து போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

1933 மே 7 அன்று அந்த வகுப்பு தியோஃபிலை மேடையேற்றியது. பழைய பிரெஞ்சின் வாசனை போகாமல் இன்றைய பிரெஞ்சுக்குக் கொண்டுவந்த வசனம். இடம் சோர்போனின் லூயி லியார் கூடம். முனைவர் பட்டத்துக்கு வாய்மொழித் தேர்வு வைக்கிற இடம் அது. வைவா ஹாலில் சாத்தானைக் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்கு இதை நினைத்தால் இன்றும் சிரிப்பு வரும். ஆய்வேட்டில் கையெழுத்துப் போடுகிற இடத்தில், ஆன்மாவை எழுதிக் கொடுக்கிற பத்திரம்.

திரை கிடையாது, காட்சி மாற்றம் கிடையாது. இடைக்கால வழக்கப்படி எல்லா இடங்களும் ஒரே நேரத்தில் கண்ணுக்கு முன்னால் பக்கம் பக்கமாக நிற்கும். ஆயர் வீடு, மந்திரவாதி இருப்பிடம், மாதா கோவில், நரகம். ஒருவன் நாலு எட்டு வைத்தால் ஊர் மாறிவிட்டது என்று அர்த்தம். இதைப் புரியவைக்கப் பிரெஞ்சுப் பாடநூல்கள் பக்கம் பக்கமாக விளக்கும். கூத்துப் பார்த்து வளர்ந்தவளுக்கு விளக்கம் எதற்கு? துரியோதனன் ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் அஸ்தினாபுரம் போய்ச் சேர்ந்தான் என்று ஆறு வயதிலேயே எனக்குத் தெரியும்.

குழு நிலைத்தது. தங்களுக்குத் ‘தியோஃபிலியர்’ என்று பேர் வைத்துக்கொண்டார்கள். மாதா பெயரையோ பேராசிரியர் பெயரையோ விட்டுவிட்டு, ஆன்மாவை விற்ற ஆளின் பெயரை எடுத்துக்கொண்டது மாணவர் குறும்பு.

என் கதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1996-ல் எங்கள் துறையில் வருஷாந்தர விழாவுக்கு வழக்கமாக ஒரு பாட்டு, ஒரு ஃபேஷன் ஷோ, சீஸ் கிடைக்காததால் பனீர் என்று போய்க்கொண்டிருந்தது. தியோஃபிலில் சலாத்தேன் சாத்தானை அழைக்கிற காட்சியைப் போடலாம் என்றேன். அந்த மந்திரம் எந்த மொழியும் இல்லை. ஆராய்ச்சிக்காரர்கள் இந்த மொழி, அந்த மொழி என்று தேடிப் பார்த்தும் எதிலும் அடங்கவில்லை. வெறும் ஒலி. இரண்டாம் வருஷப் பெண்பிள்ளை ஒருத்தி, கடலூர் பக்கத்துக்காரி, உச்சரிப்பில் எப்போதும் என்னிடம் திட்டு வாங்குகிறவள், “மேடம், அர்த்தமே இல்லைன்னா தப்பா உச்சரிக்க முடியாதுல்ல, நான் பண்றேன்” என்றாள்.

ஒத்திகைக்கு வந்தாள். முதல் இரண்டு முறை பாடநூல் வாசிக்கிற மாதிரி வாசித்தாள். மூன்றாவது முறை கண்ணை மூடிக்கொண்டு, அவள் ஊரில் குறி சொல்கிறவர் உடுக்கை அடித்துக்கொண்டு பேசுகிற ஏற்ற இறக்கத்தில் சொன்னாள். மூச்சை இழுத்து, கடைசி அசையை அறுத்து. பிரெஞ்சு மூக்கொலி ஒன்றைக்கூட அதுவரை சரியாகப் போடாதவள் எல்லாவற்றையும் போட்டாள். வராந்தாவில் பெருக்கிக்கொண்டிருந்த அம்மா துடைப்பத்தைப் பிடித்தபடியே நின்றுவிட்டார். எனக்குக் கையில் மயிர் சிலிர்த்தது. ரூத்பெஃபை அதுவரை பதினான்கு வருஷமாகப் பாடம் நடத்தியிருந்தேன்.

விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை: கலாச்சார நிகழ்ச்சியில் சாத்தான் சம்பந்தப்பட்ட காட்சி தவிர்க்கப்பட வேண்டும். யார் போய்ச் சொன்னார்களோ. கல்லூரிப் பெயர் வேண்டாம், அங்கேயிருந்துதான் எனக்குப் பென்ஷன் வருகிறது. பனீரும் ஃபேஷன் ஷோவும் நடந்தன. அந்தப் பெண் வேஷத்துக்காகத் தைத்த நீலத் துணியை வீட்டுக்கு எடுத்துப் போனாள், ஜன்னல் திரையாக்கிவிட்டதாகப் பிறகு சொன்னாள்.

தியோஃபிலியருக்கு அந்தத் தொந்தரவு இல்லை. 1935-ல் ‘ஆதாம் நாடக’த்தை எடுத்தார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுதியது, பிரெஞ்சில் கிடைத்திருக்கும் மிகப் பழைய நாடகங்களில் ஒன்று. வசனம் பிரெஞ்சு, மேடைக் குறிப்பு லத்தீன். மொழி ஆசிரியர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டிய குறிப்புகள். சொர்க்கத்தை உயரமான இடத்தில் வைக்க வேண்டும், சுற்றிலும் பட்டுத்திரை கட்ட வேண்டும், உள்ளே நிற்பவர்கள் தோளுக்கு மேலே மட்டும் தெரிய வேண்டும், மரங்களில் பழம் தொங்க வேண்டும். பேசுகிறவர்கள் அவசரப்படவும் கூடாது, இழுக்கவும் கூடாது, ஓர் அசையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. பிசாசுகள் மட்டும் கூட்டத்துக்கு நடுவே ஓடலாம். ஆதாமையும் ஏவாளையும் இழுத்துக்கொண்டு போனதும் நரகத்துக்குள்ளிருந்து புகை எழும்ப வேண்டும், அண்டா குண்டாவைத் தட்டிச் சத்தம் போட வேண்டும். சொர்க்கத்துக்குப் பட்டு, நரகத்துக்குப் பாத்திரம். செலவு எதற்கு என்று குறிப்பு எழுதிய ஆளுக்குத் தெரிந்திருக்கிறது.

தியோஃபிலியரைப் பார்த்துத்தான் சோர்போனில் பக்கத்துத் துறைக்கும் ஆசை வந்தது. செவ்வியல் மாணவர்கள், ரோலான் பார்த்தும் ழாக் வெய்யும் முன்நின்று, பழங்கிரேக்க நாடகக் குழு ஒன்றைத் தொடங்கினார்கள். 1936 மே 3 அன்று சோர்போன் முற்றத்தில் ஈஸ்கிலஸின் ‘பாரசீகர்கள்’. செத்துப்போன மன்னன் தாரியஸின் ஆவியாக வந்தவர் பார்த்தேதான். பிற்காலத்தில் அவர் பெயர் தெரியாத இலக்கிய வகுப்பு கிடையாது. அந்தப் போட்டோவைத் தம் புத்தகத்தில் போட்டு, இரண்டு நீளமான பேச்சில் எங்கே தடுமாறிவிடுவோமோ என்று ஒவ்வொரு முறையும் நடுங்கியதாக எழுதியிருக்கிறார். ஆவிக்கே மேடைக் கூச்சம். அதே ஞாயிற்றுக்கிழமை பிரான்சில் இரண்டாம் சுற்றுத் தேர்தல், இடதுசாரிக் கூட்டணி ஆட்சிக்கு வந்த தேர்தல்.

கோயென் மாணவர்களில் போல் சூம்தோர் என்பவரும் உண்டு. இடைக்காலக் கவிதை கண்ணால் படிக்க எழுதியதல்ல, குரலுக்கும் உடம்புக்கும் எழுதியது என்று பின்னாளில் புத்தகம் புத்தகமாக வாதிட்டவர். நல்ல வாதம். கடலூர்ப் பெண்ணின் ஒத்திகைக்குப் பிறகு எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை.

தியோஃபில் நாடகத்தில் ஒரு முள் இருக்கிறது, அதை மழுப்பிவிட்டுப் போகக் கூடாது. ரூத்பெஃபுக்கு முந்தைய லத்தீன் கதையில் சாத்தானிடம் அழைத்துப் போகிற மந்திரவாதி ஒரு யூதன். இடைக்கால ஐரோப்பா முழுக்க அந்தக் கதை அப்படித்தான் சுற்றியது. ரூத்பெஃப் சலாத்தேன் என்று, சிலுவைப் போர்க்கால முஸ்லிம் மன்னன் சலாடினை நினைவூட்டும் பெயர் வைத்தார், யூதன் என்று பச்சையாகச் சொல்லவில்லை, ஆனால் கதை கேட்டு வளர்ந்தவனுக்குத் தெரியும். அந்தக் கதையை 1933-ல் எடுத்து உயிர் கொடுத்தவர் யூதக் குடும்பத்தில் பிறந்த ஒரு பேராசிரியர். ஹிட்லர் பதவிக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. கோயென் இதை எப்படி எடுத்துக்கொண்டாரோ. எனக்கென்னவோ அவர் காதலித்தது அந்த மொழியை, அந்தப் பரணை, அந்தப் பெயின்டரை. காதலித்தது திருப்பிக் காதலிக்குமா என்று கேட்கிற ஆள் அவர் இல்லை.

1940 அக்டோபரில், பிரான்ஸ் ஜெர்மனியிடம் தோற்றபின் வந்த விஷி அரசு யூதர்களுக்கு எதிரான சட்டம் கொண்டுவந்தது. ஆசிரியப் பணி யூதர்களுக்குக் கிடையாது என்றாயிற்று. பிரான்சுக்காகப் போரில் காயம்பட்ட கோயென் வகுப்பை விட்டு வெளியே போனார். தியோஃபிலைப் பதவியிலிருந்து தூக்க நாடகத்தில் ஓர் ஆயர், இங்கே ஒரு சட்டம். அமெரிக்கா போய்ச் சேர்ந்த கோயென், 1942 பிப்ரவரியில் நியூயார்க்கில் அகதிப் பேராசிரியர்கள் தொடங்கிய பிரெஞ்சு உயர்கல்விப் பள்ளிக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரானார். மானிடவியலாளர் லெவி-ஸ்ட்ரோஸும் மொழியியலாளர் ரோமன் யாக்கப்சனும் அங்கேதான் சந்தித்து ஒருவர் வகுப்பில் ஒருவர் உட்கார்ந்தார்கள். அதே வருஷக் கோடையில் மாசசூசெட்ஸின் மவுண்ட் ஹோலியோக் பெண்கள் கல்லூரியில், அங்கிருந்த பிரெஞ்சுத் துறைத் தலைவி ஹெலன் பேட்ச் கைகொடுக்க, பிரான்சின் பொந்தினி மடத்தில் நடந்துவந்த அறிஞர் கூட்டங்களின் பெயரில் ‘அமெரிக்காவில் பொந்தினி’ என்ற உரையாடல் கூட்டத்தைத் தொடங்கினார். மூன்று கோடைகள் நடந்தது. 1943-ல் அமெரிக்கக் கவிஞர்கள் வாலஸ் ஸ்டீவன்ஸும் மரியான் மூரும் வந்து பேசினார்கள். கோயென் அந்த வருஷம் கத்தோலிக்கரானார். மாதா நாடகத்தோடு அதை முடிச்சுப் போட ஆசைதான், ஆனால் அது அவர் சொந்த விஷயம்.

தியோஃபிலியரில் டமாஸ்கஸிலிருந்து வந்த ஒரு மாணவர் இருந்தார், மூசா அபாதி. 1910-ல் பிறந்தவர். டமாஸ்கஸ் யூதர் குடியிருப்பிலிருந்து உதவித்தொகையில் சோர்போன் வந்து, கோயெனிடம் இடைக்கால இலக்கியம் படித்தார், அந்தக் குழுவில் நடித்தார், பிறகு தொழில்முறை நாடகத்துக்கே போனார். போர் வந்ததும் தெற்கே நீஸ் நகரத்துக்குத் தப்பினார். அவரோடு ஒதெத் ரோசன்ஸ்தொக் என்ற பெண் மருத்துவர், பிற்பாடு மனைவியானவர்.

1943 செப்டம்பரில் ஜெர்மானியர் நீஸைப் பிடித்து வீடு வீடாக யூதர்களைத் தேடத் தொடங்கினார்கள். அபாதி, நீஸ் ஆயர் போல் ரெமோனிடம் போய் உதவி கேட்டார். ஆயர் இல்லத்திலேயே ஓர் அறை கிடைத்தது, கத்தோலிக்கப் பள்ளி ஆய்வாளர் என்று ஒரு பதவிப்பேரும் கிடைத்தது. வெளிப்பார்வைக்கு அவர் குருமட மாணவர்களுக்குப் பிரசங்கத்துக்கான உச்சரிப்பு சொல்லிக்கொடுக்கிற வாத்தியார். சோர்போனில் கற்றதை வைத்துப் பிழைக்கலாம் என்று நான் பெற்றோர்களிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், இப்படி ஒரு பிழைப்பை எண்ணிச் சொன்னதில்லை. பூட்டிய அறைக்குள் அவர் செய்தது போலி ஞானஸ்நானச் சான்றிதழ், போலி ரேஷன் அட்டை. இருவருமாகக் காப்பாற்றிய குழந்தைகள் 527. மடங்களிலும் பள்ளிகளிலும் குடும்பங்களிலும் ஒளித்துவைத்தார்கள்.

குழந்தையை ஒளிப்பது சுலபம், குழந்தையின் வாயை ஒளிப்பதுதான் கஷ்டம். யாராவது பெயர் கேட்டால் ஐந்து வயதுப் பிள்ளை உண்மையைச் சொல்லிவிடும். அதனால் மடத்துக்கு அனுப்புமுன் ஒவ்வொரு பிள்ளைக்கும் புதுப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்துப் பழக்கினார்கள், பழைய பெயர் நாக்கில் வராத வரைக்கும். அபாதி அதற்கு வைத்த பெயருக்கு ஆளை அழிப்பது என்று அர்த்தம் வரும். செய்த காலமெல்லாம் அவருக்கு அது வலித்திருக்கிறது.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை. அதில் நிஜப் பெயர், பொய்ப் பெயர். பெற்றோர் திரும்பி வந்தால் பிள்ளையைக் கண்டுபிடித்து ஒப்படைக்க வேண்டுமே. 1944 ஏப்ரலில் ஒதெத் பிடிபட்டார். ஆஷ்விட்ஸ், பெர்கன்-பெல்சன் முகாம்களைத் தாண்டி உயிரோடு வந்தார். அட்டைகள் அகப்படவில்லை.

போருக்குப் பிறகு அபாதி வானொலியில் நாடக விமர்சனம் செய்தார், டமாஸ்கஸ் யூதர் தெருவைப் பற்றிக் கதைகள் எழுதினார். குழந்தைகள் விஷயத்தைப் பற்றிப் பல பத்தாண்டுகள் வாயே திறக்கவில்லை. 1997-ல் இறந்தார், ஒதெத் அதற்கு இரண்டு வருஷம் கழித்து.

நீஸில் அவர்களுக்கும் வேறு பெயர்கள்தான். ஒதெத் அங்கே சில்வி தெலாத்ர். பிள்ளைகளுக்கு அபாதி முசியே மர்செல்.